கீபோர்டு வாசித்தது யார்?

இட்லிக்குக் கை கழுவி உட்கார்ந்த நேரமாகப் பார்த்து ஏட்டையா வந்து நின்றான். யூனிபாரம் போட்டிருந்தான், தொப்பி கக்கத்தில், கையில் போன். அவன் மூஞ்சி இருந்த இருப்பைப் பார்த்து, அருவிக்கரையில் என்னமோ ஆகிப்போச்சு என்றே நினைத்தேன்.

"ஏலே, நம்ம பேண்டுல கீபோர்டு வாசிச்சது யாருலே?"

"என்னது?"

"கீபோர்டுலே, கீபோர்டு. யாரு வாசிச்சா?"

"யாரும் வாசிக்கலயே. நம்மட்ட ஏதுலே கீபோர்டு? சவத்த, இதைக் கேக்கவா இந்த வரத்து வந்த?"

"நான் கேக்கலலே. அவன் கேக்கான்."

அவன் என்றால் யார் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் இவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். இவன் இலத்தூர்க்காரன், கல்லூரியில் என் பெஞ்சு, எங்கள் பேண்டின் டிரம்மர். இப்போது போலீஸில் ஏட்டு. சீசன் வந்தால் குற்றாலம் மெயின் அருவியில் விசில் ஊதிக் கூட்டத்தை நகர்த்துகிற டூட்டி வருஷா வருஷம் இவன் தலையில்தான் விழும். என் பெண்டாட்டிக்கு உடன்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அந்த இடத்தில் இவனாகவே வந்து உட்கார்ந்துகொண்டான். என் மகளுக்குக் காது குத்தினபோது மடியில் வைத்துக்கொண்ட மாமன் இவன்தான். பிள்ளை அழுததைவிட இவன் அதிகமாக அழுதான்.

எங்கள் பேண்டு என்று ஒன்று இருந்தது, இப்போது இல்லை. கோதிக் டூம் மெட்டல் என்று அந்த வகைக்குப் பெயர். தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். கிட்டார் கனமாக, இருட்டாக, மெதுவாக நகரும். மெதுவாக என்றால் அப்படி ஒரு மெதுவு. அதன்மேல் ஒரு ஆண்குரல் அடித்தொண்டையில் உறுமும். உறுமல் ஓய்ந்த இடத்தில் ஒரு பெண்குரல் எழும்பி மேலே மேலே ஏறிப் போகும். கேட்கிறவனுக்கு அழுகை வரவேண்டும், எதற்கு என்று மட்டும் தெரியக் கூடாது. உறுமினது நான். ஏறிப் போனது என் பெண்டாட்டி, அப்போது அவள் என் பெண்டாட்டி இல்லை.

நான் ரூமைச் சாத்திக்கொண்டு உறுமிப் பழகின காலத்தில் எங்க அப்பா கதவைத் தட்டி, "ஏலே, வயித்துக்கு எதுவும் ஒத்துக்கலையா? டாக்டர்ட்ட போயிட்டு வருவமா?" என்று கேட்டார். தென்காசியில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசித்தபோது முதல் பாட்டு பாதியில் மைக் செட்டுக்காரர் மேடைக்கு ஓடி வந்தார். "தம்பி, ஓல்டேஜ் கம்மியா வருது போல, பாட்டு இழுக்குது. ஜெனரேட்டர்ல மாத்திருதேன்." மாற்றினார். அப்புறமும் இழுத்தது. மனுஷன் பந்தி முடிகிறவரைக்கும் ஜெனரேட்டரைத் திட்டிக்கொண்டே இருந்தார். எங்களை அந்த ஊரில் அவர் அளவுக்குக் கவனமாகக் கேட்டவர் வேறு யாரும் இல்லை.

அவள் பண்பொழிக்காரி. திருமலைக்கோயில் படி முழுக்க ஏறி, மேலே போய் நின்ற நிற்பில் மூச்சு வாங்காமல் முருகன் பாட்டுப் பாடுகிற தொண்டை. அந்தத் தொண்டையைக் கொண்டுவந்து எங்கள் கூட்டத்தில் சேர்த்தது எப்படி என்று அவள் வீட்டில் இன்றைக்கும் கேட்பார்கள். நான் என்ன செய்ய? கல்லூரி ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்க்கும்போது அவளாக வந்து, "நீ கத்துத இடத்துல நான் பாடிப் பாக்கட்டுமாலே?" என்றாள். பாடினாள். நான் கிட்டார் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். "வாசிலே, ஏன் நிப்பாட்டுத?" என்று திட்டு வாங்கினேன். அன்றைக்கு விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

பேண்டில் நாலாவது ஆள் வாசுதேவநல்லூர்க்காரன், பேஸ் கிட்டார். எங்கள் ஸ்டூடியோ, அப்போது எங்க அப்பாவும் இப்போது நானும் நடத்துகிற இந்தக் குற்றாலம் லாட்ஜ்தான். சீசனில் இங்கே மூச்சுவிட இடம் இருக்காது. நாலு பேருக்கென்று ரூம் எடுத்துவிட்டு ஊரையே கொண்டுவந்து படுக்க வைத்திருப்பான், கேட்டால் சித்தப்பா மகன் என்பான். ஆனால் மலையில் ஓங்கி மழை பெய்து, தண்ணீர் அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்துவிட்டால் 'குளிக்கத் தடை' என்று போர்டு வைத்துவிடுவார்கள். வந்தவர்கள் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் எண்ணெய் தேய்த்த தலையோடு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். சிப்ஸ் கடைக்காரர், மசாஜ் செய்கிறவர், எங்க அப்பா எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிற நாள் அது. எங்களுக்கு அதுதான் தீபாவளி. போன் பறக்கும். இலத்தூரிலிருந்து டிரம்ஸ் ஆட்டோவில் வரும். வாசுதேவநல்லூர்க்காரன் கிட்டாரை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவான். பண்பொழியிலிருந்து அவள், ஒரு கூடை பொய்யைச் சொல்லிவிட்டு வந்து சேருவாள்.

கோடி ரூமில் வைத்துப் பதிவு செய்வோம். கதவைச் சாத்திவிட்டு ஜன்னலை மட்டும் திறந்து வைப்போம், இல்லாவிட்டால் மூச்சு முட்டும். ஜன்னல் பக்கத்தில் கடன் வாங்கின மைக், கட்டிலில் லேப்டாப். பாட்டு எல்லாம் நாங்களே கட்டினது. எங்கள் பாட்டுகளிலேயே பெரியது, யாரோ கொடியில் மறந்துவிட்டுப் போன ஒரு துண்டைப் பற்றினது. லாட்ஜ்காரன் வேறு எதைப் பற்றி எழுதுவான்? அந்தத் துண்டு மழையில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, தேடி வருகிற ஆளுக்காகக் கிடக்கும். நான் துண்டாக உறுமுவேன். அவள் மழையாகப் பாடுவாள்.

பேண்டு உடைந்தது சண்டையினால் இல்லை. சண்டை போட்டுப் பிரிந்தோம் என்று சொல்லிக்கொள்ளக்கூட எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஒருத்தனுக்குப் போலீஸ் செலக்ஷன் வந்தது, ஒருத்தன் துபாய்க்கு விமானம் ஏறினான், அப்பாவுக்கு முட்டி வலி வந்து லாட்ஜ் என் தலையில் இறங்கியது. எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது. அதுவரைக்கும் என்னை 'லே' போட்டுக் கூப்பிட்டவள் எங்க அப்பா முன்னால் 'என்னங்க' என்றாள், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துபாய்க்காரன் போகும்போது எங்கள் பாட்டு முழுவதையும் இணையத்தில் ஏற்றிவிட்டுப் போனான். அதோடு நாங்களும் மறந்தோம், ஊரும் மறந்தது.

அப்படிக் கிடந்ததைத்தான் 'அவன்' கண்டுபிடித்தான். ஐரோப்பாவில் பனி கொட்டுகிற ஏதோ ஒரு ஊரில் இருந்துகொண்டு, செத்துப்போன பேண்டுகளின் பாட்டுகளைத் தேடிப் பிடித்து, ஒன்றாகத் தொகுத்து கேசட்டும் சி.டி.யுமாகப் போடுகிற மனுஷன். இதுவும் ஒரு பிழைப்பா என்று நான் கேட்டேன், அதையே எங்க அப்பா என்னிடம் கேட்டது ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். உங்கள் பாட்டு மொத்தத்தையும் ஒரே ஆல்பமாகப் போடுகிறேன், நாலு பேரும் சம்மதம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தான். துபாய்க்காரன் அந்த நிமிஷமே சரி என்றான். ஏட்டையா ஸ்டேஷனிலேயே துள்ளிக் குதித்திருப்பான் போல. நானும் சரி என்றேன். அவள் மட்டும், "பாக்கலாம்" என்றாள்.

அவளுக்கு ஏன் அப்படி என்று எனக்குத் தெரியும். மகள் பிறந்து, அவள் நடை பழகுகிற சமயத்தில் இவளுக்குத் தைராய்டுக் கட்டி பெரிதாகி ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. குரல் நரம்பு கட்டியோடு ஒட்டியிருக்கிறது, இப்படி ஆகலாம் என்று முன்னாலேயே சொல்லித்தான் செய்தார்கள். யார் மேலும் குற்றம் இல்லை. அப்படியே ஆகிவிட்டது. கண் முழித்து அவள் முதலில் கேட்டது, "பிள்ள சாப்ட்டாளா?" அது அவள் குரலே இல்லை. உலர்ந்த ஓலையை இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரு கரகரப்பு. திரும்பி வரும், கொஞ்ச நாள் ஆகும் என்றார்கள். நாங்களும் பார்த்துப் பார்த்து இருந்தோம். வரவில்லை.

லாட்ஜுக்கு போன் செய்கிறவர்கள் இவள் எடுத்தால், "சார், ரூம் இருக்கா சார்?" என்பார்கள். "இருக்கு, வாங்க" என்று சாராகவே பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். வந்து பார்த்து அவர்கள் முழிப்பதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரே கேள்வி: "என்னம்மா, தொண்டை கட்டியிருக்கா?" அதோடு விடுவார்களா? சித்தரத்தையைத் தட்டிப் போடு, மிளகை மென்னு முழுங்கு, பனங்கற்கண்டை வாயில் ஒதுக்கு என்று ஆளுக்கொரு வைத்தியம். அதற்குப் பயந்து விசேஷ வீடுகளுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். பழைய பாட்டை அவள் முன்னால் நாங்கள் யாரும் போடுவதில்லை. மகளிடம், உங்க அம்மா பாடுவா என்று யாரும் சொன்னதும் இல்லை.

இந்த நிலைமையில்தான் ஏட்டையா அந்தக் காலையில் வந்து நின்றது. 'பாட்டு முழுக்க அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறதே ஒரு கீபோர்டு, பிரமாதமாக இருக்கிறது, வாசித்தவர் யார்? அட்டையில் அவர் பெயரைப் போடாமல் விட்டால் தப்பாகிவிடும்' என்று அந்த ஐரோப்பாக்காரன் எழுதியிருந்தான்.

"கிறுக்குப்பய. வேற எவன் பாட்டையோ கேட்டுட்டு எழுதியிருக்கான்" என்றேன் நான்.

போனில் பாட்டைப் போட்டு, ரெண்டு பேரும் இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டோம். ஏட்டையா தன் டிரம்ஸை மட்டும் கேட்டான், "இந்த இடத்துல ஒரு தட்டு விட்டுட்டேம்லே" என்று வருத்தப்பட்டான். நான் என்னை மட்டும் கேட்டேன். கீபோர்டு எங்கேயும் இல்லை. மறுபடி போட்டோம், சத்தத்தைக் கூட்டினோம், இட்லி ஆறிப்போனது. சட்னி ஊற்ற வந்தவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இங்கன குடு" என்று கையை நீட்டினாள்.

நானும் அவனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அவள் சட்னிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்து, ரெண்டு காதிலும் மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் தன் பழைய குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை.  அவள் உதடு லேசாக அசைந்தது, பாட்டோடு கூடவே சொல் சொல்லாக அசைந்தது. கண் ஓரத்தில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. போதும் கழட்டுட்டி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கண்ணைத் திறந்து சிரித்தாள்.

"ஐய, கூறுகெட்ட மூதிகளா! இது அருவிலா?"

"எது?"

"அடியில ஓடுதுல்லா, ஊஊன்னு. அருவி. தடை போட்ட அன்னிக்கு ஜன்னலைத் தொறந்து வச்சுக்கிட்டு எடுத்தா வேற என்ன வரும்? உங்களுக்குக் கேக்காது. நீ பொறந்ததுலேருந்து இதுக்குள்ளயே கெடக்க, அவன் டூட்டின்னு இதுக்கு அடியிலயே நிக்கான். கல்யாணம் ஆகி வந்த புதுசுல எனக்கு இந்தச் சத்தத்துல ஒரு மாசம் ஒறக்கமே இல்ல."

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே அருவி விழுந்துகொண்டுதான் இருந்தது. உற்றுக் கேட்டால்தான் எனக்கு அது தெரிந்தது. விசில் ஊதி ஊதி அதன் பக்கத்திலேயே நிற்கிற ஏட்டையாவும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவன் மாதிரி நின்றான். பிறகு மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அன்றைக்குச் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, "போடச் சொல்லு அந்த ஆல்பத்தை. சரின்னு சொல்லிரு" என்றாள். நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். "ஆனா ஒண்ணு. பிள்ள காதுல விழக் கூடாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, அது என்ன களவாண்ட பொருளா, ஒளிச்சு வைக்க? உலகம் பூரா எவனெவனோ கேப்பான், பெத்த பிள்ள கேக்கக் கூடாதாக்கும்?"

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. அவளால் கத்தவும் முடியாது. மகளுடைய பள்ளிக்கூடச் சட்டையை மடித்து, மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "எல்லாரும் என்னைப் பாவமாத்தாம்லே பாக்காங்க. எங்க அம்மை பாக்கா, நீ பாக்க. அவ ஒருத்திதான் பாக்கல. அந்தக் குரலைக் கேட்டான்னா, பிறகு நான் வாயைத் தொறக்கும்போதெல்லாம் அவளும் பாவமாப் பாப்பா. அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்ல."

நான் அடுத்த துணியை எடுத்து மடித்தேன், கோணலாக மடித்ததற்கும் திட்டு வாங்கினேன்.

அடுத்த சாரல் சமயத்தில் பார்சல் வந்து சேர்ந்தது, தென்காசி கூரியர் ஆபீஸுக்கு. ஏட்டையாவுக்கு அன்றைக்கு லீவு. பழசாக வாங்கி ஓட்டுகிற தன் காரில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனான். அப்படியே பள்ளிக்கூடத்தில் மகளையும் ஏற்றிக்கொண்டோம். ஒன்றாம் வகுப்பு, முன்பல் ரெண்டும் இல்லாத வாய். பின் சீட்டில் என்னோடு உட்கார்ந்து அவள்தான் பார்சலைப் பிய்த்தாள். உள்ளே கேசட், சி.டி. அட்டைப் படம், மழையில் நனைந்து நிற்கிற 'குளிக்கத் தடை' போர்டு. அதுதான் ஆல்பத்துக்கும் பெயர். பின்னால் திருப்பினால் எங்கள் நாலு பேர் பெயரும் இருந்தது. அதற்குக் கீழே, கீபோர்டு: குற்றாலம் மெயின் அருவி.  சும்மா சொல்லக் கூடாது, செத்துப்போன பேண்டை எழுப்பி உட்கார வைத்துவிட்டான் அந்தப் பனிக்காரன்.

திரும்பி வருகிற வழியில் மேலகரம் தாண்டும்போது ஏட்டையா கையை நீட்டி மகளிடம் சி.டி.யை வாங்கினான். அந்தக் காரில் சி.டி. தின்னுகிற வாய் ஒன்று இருந்தது, இதுவரைக்கும் பட்டினி. பெண்டாட்டி போட்ட நிபந்தனையை நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. அவன் வீட்டில்தானே போட்டுக் கேட்பான், இதற்குள் என்ன என்று இருந்துவிட்டேன். "ஏலே, வீட்ல போய்ப் பாத்துக்கிடலாம்லே" என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே தள்ளிவிட்டான்.

கிட்டார் எழும்பியது. முன் சீட்டில் இருந்த என் பெண்டாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கதவுக்கு மேலே இருந்த பிடியை அவள் கை பிடித்திருந்தது.

நான் உறுமினேன். மகள் கைகொட்டிச் சிரித்தாள். "இது அப்பா! ரூம்ல தண்ணி வரலன்னு சொல்லுதவங்ககிட்ட அப்பா சண்டை போடுத மாதிரியே இருக்கு." ஏட்டையா ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தது எது என்று எனக்குத் தெரியும்.

பெண்டாட்டியின் குரல் வந்தது. அடியில் அருவி, அதன்மேல் அந்தக் குரல், ஏறியது, ஏறிக்கொண்டே போனது. மகள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கண்ணாடியில் சாரல் விழுந்தது, வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது.

"மாமா, இது யாரு?"

"யாரா? நல்லாக் கேட்ட போ. உங்க அம்மாலா!"

"பொய்யி." மகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க அம்மா குரல் எனக்குத் தெரியாதா?"

ஏட்டையா கண்ணாடியில் என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவனுக்கு விஷயம் உறைத்துவிட்டது. சத்தத்தைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனான். என் பெண்டாட்டி அந்தக் கையைத் தடுத்தாள். பின்னால் திரும்பி, தன் கரகரத்த குரலில், "அம்மாதான் பிள்ளே" என்றாள்.

"நெசமாவா?"

"நெசமா."

மகள் பாட்டு முடிகிறவரைக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டாள், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கணக்குப் பாடத்துக்கு உட்காருகிற மாதிரி. ஏட்டையா காரை ஓரமாக நிறுத்திவிட்டான். நான் என் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. முன் சீட்டின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி இழுப்பு ஓய்ந்து, அருவி மட்டும் கொஞ்ச நேரம் ஓடி, அதுவும் நின்றது.

மகள் எழுந்து, முன் சீட்டுக்கு நடுவில் தலையை நீட்டி, அம்மாவின் கழுத்தைத் தொட்டாள். ஆபரேஷன் கோடு இருக்கிற இடம். முகத்தில் அப்படி ஒரு கவலை.

"ஏம்மா, அப்பம் உனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சா?"

 பிறகு என் பெண்டாட்டியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், சிரிப்போடு கண்ணீரும் வழிந்துகொண்டிருந்தது. மகளின் கையைத் தன் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா பிள்ளே. அப்பம் கொஞ்சம் சரியில்லாம இருந்துச்சு. இப்பம் சரியாயிட்டு."